உட்கார்ந்தபடி பதினாலாயிரம் அடி

அன்பு,

சாம்பார சுட வெச்சிக்க. மாத்திரை டிவி மேல இருக்குது.

சக்கரைக்காகக் கட்டின வாட்ச்சு நேத்து நீ பதினாலாயிரம் அடி நடந்ததா காட்டுதேன்னு, "உக்காந்து பொம்ம தொடைக்கிறவளுக்கு ஏதுடி இவ்ளோ? பொய்யி"ன்னு காலையில கத்திட்டேன். நீயும் கோவத்துல கழட்டி வெச்சிட்டுப் போயிட்ட.

அத குடுக்கத்தான் மத்தியானம் உங்க பீங்கான் கம்பெனிக்கு வந்தேன். நீ என்னப் பாக்கல. ஒவ்வொரு பொம்மையா ஈர ஸ்பாஞ்சால தொடைக்கிற, கை ஒரு நிமிசம் நிக்கல. வாட்ச்சு அதத்தான் அடின்னு எண்ணியிருக்குது. அம்மாடி! இருபது வருசமா இப்டியா? மலைச்சிப் போயி, வாட்ச்ச குடுக்காமயே திரும்பிட்டேன்.

ஆனா சக்கரைக்குக் காலு நடக்கணுமாம். ஆறு மணிக்கு ஆட்டோவ நிறுத்திட்டு வரேன், பழமலைநாதர் கோயில சுத்தி நடப்போம்.

வாட்ச்சு வேணாம். அடிய நான் எண்ணிக்கிறேன். உன் கை கொஞ்சம் சும்மா இருக்கட்டும்.