731ஆம் நம்பர் வில்லை

2025 ஜனவரி 11

என் சேகரிப்பில் இன்று ஒரு பெல்ட் வில்லை சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளை. திருப்பருத்திக்குன்றத்து மாணிக்கவேல் ஐயாவிடம் காட்டினேன். ரிட்டையர்டு ஏட்டு, எண்பத்துநாலு வயது. பழைய போலீஸ் வில்லை எதைக் கையில் கொடுத்தாலும் எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார்.

என் பெண்டாட்டி காவேரி வழக்கம்போல: "பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலாவது வாய்க்கு இனிக்கும்."

சொல்லிக்கொள்ளட்டும். முப்பது வருஷமாக நான் தேடுவது ஒன்றைத்தான். 731. அப்பாவுடையது. ஹால் போட்டோவில் கான்ஸ்டபிள் சபாபதியின் நெஞ்சில் நம்பர் தெளிவாகத் தெரியும். அது எங்கே என்று கேட்டால், "செய்யாத்து வெள்ளத்துல போச்சுடா" என்பார். செத்தே இருபது வருஷம் ஆகிறது.

ஜனவரி 16

கிடைத்துவிட்டது!

பழைய இரும்புக் கடை வெங்கடேசன் போன் பண்ணினான். போகிக்கு வந்த மூட்டையில் கிடந்ததாம். 7-3-1. பின்னூசியில் காக்கித் துணிக் கிழிசல் ஒன்று, கறுத்துப்போய்.

நான் எந்த வில்லையையும் தேய்ப்பதில்லை. அழுக்குதான் அதற்கு ஜாதகம். ஆனால் இது அப்பாவுடையது ஆயிற்றே. துணியைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன், புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. காவேரி குங்குமம் வைத்து போட்டோவுக்குக் கீழே வைத்தாள். அழுதேன். இதில் என்ன வெட்கம்.

ஜனவரி 19

மாணிக்கவேல் ஐயா கையில் வாங்கவே இல்லை. "எங்க கெடைச்சுது?" என்றார். பிறகு, "விட்டுடு தினகரா."

அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது.

ஜனவரி 20

விடுவதா? எப்படி விடுவது?

ஜனவரி 22

வெங்கடேசன் சொன்ன அடையாளத்தை வைத்து மாகறல் போனேன். காலனியில் கடைசி வீடு. பொன்னியம்மாள், எழுபதுக்கு மேல் இருக்கும். மருமகள் தெரியாமல் போகிக்குக் கழித்துப் போட்டுவிட்டாளாம். வில்லையைப் பார்த்ததும் கிழவி கேட்டது:

"ஏன்பா தேச்ச? துணி இருந்துதே, எங்க?"

1978. மோட்டார் திருட்டு என்று பண்ணைக்காரர் புகார். விடியற்காலையில் மூன்று போலீஸ் வந்து அவள் புருஷன் சின்னப்பையனை இழுத்துப் போயிருக்கிறார்கள். இழுபறியில் ஒருத்தர் சட்டையிலிருந்து இது பிய்ந்து வந்தது.

"மூக்குலயே குத்துனாங்க. அந்த ரத்தம்தான் துணில. அவருதுன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்பா."

ஸ்டேஷனுக்குப் போய் நம்பரைச் சொன்னாளாம். அந்த நம்பரில் போலீசே கிடையாது, உன் புருஷனையும் கொண்டுவரவில்லை, எங்காவது ஓடியிருப்பான் என்று துரத்தியிருக்கிறார்கள். வில்லையைக் காட்டினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பானைக்குள் ஒளித்து வைத்தாள்.

கழுத்தில் மஞ்சள் கயிறு. "வருசா வருசம் மாத்திக்கினுதான் இருக்கேன். செத்தாரா, இருக்காரா, ஒருத்தரும் சொல்லலயே. நீயாவது விசாரிச்சு சொல்லுபா."

பழைய சாமான் சேர்க்கிறவன் என்று மட்டும் சொன்னேன். யார் மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. பேடி.

ஜனவரி 23

குப்பை வண்டி வந்து போய் ஆறு நாள் ஆகிறது.

ஜனவரி 27

மாணிக்கவேல் வீட்டில் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. வில்லைக்கு வருஷம் சொல்கிற அதே குரல்.

"அன்னிக்கு மத்தியானமே போய்ட்டான்பா. ஸ்டேஷன்லயே. அடிச்சது உங்கப்பன். அவன் அசையாம நான் கால புடிச்சுக்கினேன். ஆத்து மணல்ல பொதைச்சோம்."

முப்பது வருஷம் இந்த ஆள் வீட்டில் காபி குடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "அப்பாவுது கெடைச்சுதா?" என்று கேட்பார். ஆசையாகக் கேட்கிறார் என்றுதானே நினைத்தேன்?

அப்பா, எனக்கு ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்கக் காலைப் பிடித்துவிடுவாயே. அந்தக் கைதானா?

பிப்ரவரி 1

காவேரியிடம் எல்லாம் சொன்னேன். "அந்தம்மா கிட்ட போய் சொல்லு. வேற என்ன இருக்குது?" என்றாள்.

பிப்ரவரி 2

போட்டோவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வில்லையையும் அதையும் பொன்னியம்மாள் முன்னால் வைத்தேன்.

"அந்த நம்பர்ல ஆள் இருந்தாரும்மா. இவருதான். எங்கப்பா. உங்க புருஷன் அன்னிக்கு மத்தியானமே செத்துட்டாரு."

நிறைய நேரம் போட்டோவையே பார்த்தாள். பிறகு மருமகளிடம், "வெந்நி வையிமா. தலை முழுவணும்" என்றாள். என்னிடம், "நீ கெளம்பு."

வாசலில் அவள் மகன் நிறுத்தி, கலெக்டர் ஆபீசில் கொடுக்க அங்கேயே ஒரு மனு எழுதினான். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மாணிக்கவேல் சொன்னதையும் எழுதிக் கொடுத்தேன். போட்டோவும் வில்லையும் அங்கேயே.

பிப்ரவரி 17

அப்பா திதி. பழக்கதோஷத்தில் காவேரி மாலை வாங்கிவந்துவிட்டாள். ஹாலில் ஆணி மட்டும்தான் இருக்கிறது.

மாகறலில் இன்றைக்குச் சின்னப்பையனுக்குக் கருமாதி. நாற்பத்தேழு வருஷம் கழித்து. நம்மை எப்படிக் கூப்பிடுவார்கள்.

"அங்க குடுத்துட்டு வா" என்றாள் காவேரி.

"வாங்க மாட்டாங்கடி."

"வாசல்ல வெச்சுட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது மாலை அங்கேயேதான் கிடந்தது. ஆட்கள் அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.