பட்டை உரித்த புங்கமரம்

புதன், ஆடி 7

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை செல்வியக்கா கூப்பிட்டார். கடைக்கு நிழல் தரும் புங்கமரத்தில் இடுப்பு உயரத்துக்கு, ஒரு சாண் அகலம், சுற்றிலும் பட்டையை உரித்திருந்தார்கள்.

"எவன் செஞ்சான்னே தெரியல டீச்சர். பத்து நாளாவுது. எல பச்சையாத்தான் கீது. இந்த நெழலுலதான் ஜனம் குந்திக்கினு டீ குடிக்குது. பொழச்சிக்குமில்ல?"

கட்டைக்குள் இருக்கும் சைலம் வழியாக நீர் இன்னும் மேலே ஏறுகிறது. அதனால்தான் இலை பச்சை. பட்டையோடு போனது ஃபுளோயம். இலை தயாரிக்கும் உணவு இனி வேருக்கு இறங்காது. முதலில் வேர் சாகும், பிறகு மரம். வருடா வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துகிறேன்.

"பார்க்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மரத்துக்குப் பின்னால்தான் எங்கள் மொபைல் கடை. போர்டு ரோட்டுக்குத் தெரியவில்லை என்று என் வீட்டுக்காரர் திறந்த நாளிலிருந்து புலம்புகிறார்.

போன மாதம் சாப்பிடும்போது, "மரத்துக்கு சாப்பாடு எந்த வழியா போவுது?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பாடத்தைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகப் படம் வரைந்தே காட்டினேன். பட்டைக்கு அடியில் வழவழவென்று கேம்பியம் இருக்கும், அது மிச்சமிருந்தால் பட்டை திரும்ப வளர்ந்துவிடும் என்றும் சொன்னேன்.

அவரிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று மரத்தைத் தடவிப் பார்த்தேன். கேம்பியத்தைத் துளிகூட விடாமல் சுரண்டியிருக்கிறார்கள்.