இருபத்தொன்று தவிர

அக்கா,

பாச்சை உருண்டை வாசம் வந்தது. அன்றிலிருந்து மூன்று நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நம் லாரி ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த, எல்லாப் போனையும் இணைக்கும் பழைய டெலிபோன் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். பல்லி நுழைந்து லைனைக் கெடுக்கிறது என்று நீங்கள் அதற்குள் உருண்டை போட்டு வைப்பீர்களே, நீங்கள் வேலையை விட்ட பிறகும் ஆடிக்கு ஆடி நான்தான் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்ததும் உங்கள் மேசைப் பக்கம் வந்து நின்ற மாதிரி இருந்தது.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, உங்களுக்குத்தான் தெரியுமே. எண் மட்டும் வரும். அதுவும் கண்ணால் அல்ல, விரலால். பட்டனில் விரல் போன வழி ஒருமுறை போதும், சாகும்வரை மறக்காது. நீங்கள் நோட்டைப் புரட்டுவதற்குள் நான் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தபடியே நம்பரைச் சொல்லிவிடுவேன். "ஏப்பா ராமசாமி, உன்னைய ஆணியடிச்சுச் செவுத்துல மாட்டிட்டா எனக்கு நோட்டே வேண்டாம்" என்பீர்கள். ஆபீஸே சிரிக்கும்.

இப்போது வந்திருப்பது நெட்டில் பேசும் போன். அதை அமைக்க ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, யார் எந்த நம்பரை அடித்தால் அது எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு விதியாக எழுதினாள். இரண்டு எண் அடித்தால் ஆபீஸுக்குள்ளேயே மணி அடிக்கும். பத்து எண் அடித்தால் வெளியே போகும். வெளியூர் லைன் போனுக்கு முன்னால் பூஜ்ஜியம். டிரைவர்கள் நம்பர் இருந்த நோட்டு கிடைக்கவில்லை. நான் நாற்பத்தி மூன்று பேர் நம்பரையும் வரிசையாகச் சொன்னேன். "ஐயா, இந்த மெஷினைத் திருப்பி அனுப்பிட்டு உங்களையே வச்சுக்கலாம்" என்றாள். உங்கள் பேச்சு மாதிரியே இருந்தது.

முதலாளியின் மகன் பக்கத்தில் நின்றார். "எல்லாப் போனுலயும் டிரைவருங்க நம்பரத் தொறந்து உட்ருங்க அம்மிணி. வண்டி எங்க போவுதுன்னு திரையில தெரியுதல்ல. கொஞ்சம் மாறிப் போனாலும் ஆரு வேணும்னாலும் உடனே கூப்படோணும்."

கேட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பழைய மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். வருசா வருசம் உருண்டை மாற்றும்போது அதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சத்தமாகப் படித்தாள்: "இருபத்தொன்று தவிர வேறு எந்தப் போனிலிருந்தும் டிரைவர்களுக்குப் போடக் கூடாது. இந்தப் பூட்டை எடுக்க வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்."

இருபத்தொன்று உங்கள் மேசைப் போன்.

"இது எதுக்குங்க?" என்று அவள் முதலாளி மகனைக் கேட்டாள். "ஆரோ அந்தக் காலத்துல எழுதுனது. கிழிச்சுப் போடுங்க" என்றார்.

அக்கா, இங்கே வந்ததும் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது சாமி என்கிறேன்.

வண்டி ஓட்டுகிறவனை நாமாகக் கூப்பிடக் கூடாது என்பது உங்கள் சட்டம். அவன் டீக்கு நிறுத்தும் நேரம் பார்த்து நீங்கள் மட்டும் போடுவீர்கள். எடுத்ததும் உங்கள் முதல் வார்த்தை, "வண்டி நின்னுதா?" ஒரு நாள் நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். சரக்கைச் சேலத்தில் இறக்க வேண்டாம், ராசிபுரம் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று சரக்கு அனுப்பிய பார்ட்டி போன் செய்தார்கள். நீங்கள் வரும்வரை பொறுத்திருக்கலாம். நீங்கள் வந்து கேட்கும்போது "அதெல்லாம் நான் சொல்லிப்போட்டேன்" என்று சொல்ல ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். கேட் போனிலிருந்து டிரைவர் செங்கோடன் நம்பரை அடித்தேன். அவன் தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தான். "ஆருங்க?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி மோதும் சத்தம் கேட்டது.

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தபோது ரிசீவர் என் கையில்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள். ரிசீவரை வாங்கி வைத்தீர்கள்.

செங்கோடனுக்கு இடது கால் போயிற்று. அவன் போனில் தெரிந்தது ஆபீஸ் நம்பர். டிரைவர்களுக்குப் போடுவது நீங்கள் ஒருத்தர்தான். கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து உங்கள் மேசை முன்னால் நின்றான். "இனி அந்தப் போனத் தொடறப்பெல்லாம் எங்காலு உங்க கண்ணுல நிக்கோணும். நீங்கெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றான். அவன் சம்சாரம் மண்ணை வாரித் தூற்றினாள். நீங்கள் எழுந்து நின்று, "தப்புத்தானுங்க" என்றீர்கள். நான் கதவோரம் டீத் தம்ளரோடு நின்றிருந்தேன். தம்ளர் சுட்டது. கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மூணு புள்ளைங்கள வெச்சிருக்கற. உன்னைய வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்க. போ, கேட்டைப் பாரு." மறுநாள் ஆளைக் கூப்பிட்டு, வேறு போனிலிருந்து டிரைவர்களுக்கு லைன் போகாதபடி பெட்டியில் பூட்டுப் போட்டீர்கள். போன ஆடியில் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லா டிரைவர்களும் வந்தார்கள். செங்கோடன் வரவில்லை. தப்புச் செய்த நான் உங்கள் காலடியில் மாலை வைத்தேன்.

அந்தப் பெண் காகிதத்தின் முனையைச் சுரண்டினாள். "கிழிக்காத அம்மிணி" என்றேன். சத்தம் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. "காரணம் நானுங்க."

நின்றபடியே சொல்லி முடித்தேன். முதலாளி மகன் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "இத்தன வருசம் அந்தம்மா பேருலயே உட்டுட்டு இருந்தீங்களாக்கும்." தலையை ஆட்டினேன். அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பூட்டு இருக்கட்டும்."

அவள் புதிதாக ஒரு விதி எழுதினாள். டிரைவர் நம்பரை வேறு எந்தப் போனில் அடித்தாலும் அது வெளியே போகாது; இருபத்தொன்றில் வந்து மணி அடிக்கும். இருபத்தொன்று இப்போது என் கேட்டில் இருக்கிறது. வண்டி நின்ற பிறகு நான் போட வேண்டும்.

வேலை முடிந்ததும், "ஒரு கால் போட்டுப் பாருங்கய்யா, போவுதான்னு" என்றாள். அன்றைக்குப் பிறகு என் விரல் போகாத ஒரு வழி இருந்தது. அதில் போயிற்று. செங்கோடன் இப்போது திருச்செங்கோட்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். நம்பரை மாற்றவே இல்லை.

"ஆருங்க?" என்றான். அதே குரல்.

"உக்காந்திருக்கறயா செங்கோடா?" என்று கேட்டுக்கொண்டு சொன்னேன். முழுக்கச் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். பின்னால் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், "அந்த மனுசியப் பேசுன பேச்ச இனி நான் ஆருகிட்டப் போயித் திருப்பி வாங்கறது?" என்று கேட்டான். வைத்துவிட்டான்.

மூன்று நாளாகிறது. இருபத்தொன்று அடிக்கும்போதெல்லாம் அவனாக இருக்குமோ என்று பாய்ந்து எடுக்கிறேன். யாராக இருந்தாலும், எடுத்ததும் "வண்டி நின்னுதா?" என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் காகிதத்தை அந்தப் பெண் கிழியாமல் பெயர்த்துக் கொடுத்தாள். சட்டைப் பையில் இருக்கிறது. உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. எந்த வரி எது என்று மருமகள் விரல் வைத்துக் காட்டினாள். மூன்றுமே இப்போது எனக்குத் தெரியும். முதல் இரண்டையும் நான் இருக்கும்வரை காப்பாற்றுவேன். கடைசி வரியை மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள். இனி யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன், அக்கா.