வெள்ளத்தில் போன சைக்கிள் எது, வாப்பா?

என் ராசா வாப்பாவுக்கு,

ஸலாம். உங்களை அடக்கிய கபருக்கு வெள்ளிதோறும் உங்கள் மகன், என் காக்கா, போய் வருகிறார். பெண்பிள்ளை எனக்கு அங்கே வர வழியில்லை, எழுதத்தான் முடிகிறது. நல்ல சேதியாக எழுத ஆசைதான். ஆனால் இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் உங்கள் பச்சை சைக்கிளால்.

பாளையங்கோட்டையில் பழைய சைக்கிள் சேகரிக்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நம் வீட்டு மச்சில் இத்தாலிப் பந்தய சைக்கிள் ஒன்று கிடக்கிறது என்று காக்கா அவரிடம் வாயை விட்டுவிட்டார். அதோடு நின்றாரா? "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிடுங்க" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. நம் வீட்டில் இருந்தது ஒன்றா, வாப்பா? இரண்டு அல்லவா?

எழுபதுகளில் பிழைக்க வெளிநாடு போன முதல் சபரில் நீங்கள் வேலை பார்த்த வீட்டு இத்தாலிக்கார இன்ஜினியர், ஊர் திரும்பும்போது ஒன்றை உங்களுக்கே கொடுத்தார். பல வருடம் கழித்து, எண்பதுகளில் போன இரண்டாம் சபரில், வேறு வீட்டுப் பிள்ளை மார்க்கோ இன்னொன்றை ஒப்படைத்தான். இந்தியாவைச் சைக்கிளிலேயே சுற்ற வருவேன், அதுவரை உன் ஊரில் வைத்திரு என்றானாம். அவன் வரவேயில்லை. முதலாவது உங்களுடையது. இரண்டாவது அமானிதம். ஒருவன் நம்மை நம்பி விட்டுப்போன பொருளை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நீங்கள் செய்த கூத்தைச் சொல்லட்டுமா? பள்ளிவாசல் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை இரண்டுக்கும் அடித்துவிட்டீர்கள். சீமைச் சாமான் என்று யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதாம். எழுத்து, எண் எல்லாம் பெயிண்டுக்குள் போயின. அதற்குப் பிறகு எது யாருடையது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, உம்மாவுக்குக்கூட.

ஆறு ஊருக்குள் வந்த அன்று எங்களை மேலப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் வீட்டில் இருந்தீர்கள். தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பியபோது மச்சில் ஒன்றுதான் இருந்தது. "ஒண்ணத்தான் தூக்க முடிஞ்சுது" என்றீர்கள். எது என்று நாங்கள் ஏன் கேட்கவில்லை? வீடு நிறையச் சகதி, குதிரில் நெல் நாறிக்கொண்டிருந்தது, யாருக்கு சைக்கிள் ஞாபகம்? அடுத்த மழை வருவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

காக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "ஏட்டி, யாராச்சும் தன் பொருள ஆத்துல விட்டுட்டு அடுத்தவன் பொருளத் தூக்குவானா? இது வாப்பாவோடதுதான். சும்மா மனசப் போட்டு உழப்பாத" என்று போனில் சத்தம் போட்டார். உம்மாவோ தஸ்பீஹ் மணியை உருட்டியபடி, "அமானிதம் தலையில நின்னா கபர்ல எப்படி நிம்மதியா இருப்பாக?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறாள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அண்ணாச்சிக்கே போன் போட்டேன். நல்ல மனுஷர். "வயசு தெரிஞ்சா எந்தச் சபர்ல வந்ததுன்னு தெரிஞ்சிரும்மா. பின் சக்கரம் மாட்டுத இடைவெளிய அளந்து சொல்லுங்க. கியர் கூடக் கூட அத அகலமாக்கிட்டே வந்தாங்க" என்றார். தையல் டேப்பை வைத்து அளந்து சொன்னேன். "அவ்வளவு ஒடுக்கமாவா? இத்தாலிக்காரன் எந்தக் காலத்துலயும் இப்படிச் செய்யலியே!" என்று திகைத்துவிட்டார்.

பக்கத்திலிருந்த உம்மா சிரித்துவிட்டாள். இரண்டும் சக்கரமில்லாமல் வெறும் ஃபிரேமாகத்தானே பெட்டியில் வந்தன? நம்மூர்ச் சக்கரம் மாட்டுவதற்காக நீங்கள் இரண்டையும் கடையில் கொடுத்துப் பின் இடைவெளியை நெருக்கினீர்களாம். மார்க்கோ வந்து இறங்கியதும் ஏறி மிதிக்கத் தயாராக இருக்க வேண்டுமாம். உங்களை என்ன செய்வது வாப்பா?

அண்ணாச்சி விடவில்லை. "அப்ப தலைகீழாப் போடுங்க. பெடல் அச்சு ஓடுத குழாயோட அடிப்பக்கத்தப் பையச் சுரண்டுங்க. கியர் கம்பி போக அங்கன பள்ளம் இருந்தா எண்பது வாக்குல வந்தது. வழவழன்னு இருந்தா அதுக்கு முந்துனது."

இன்று காலை முற்றத்தில் அதைத் தலைகீழாகக் கிடத்தினேன். பள்ளம் இருந்தால் அது மார்க்கோவுடையது; காக்காவின் வாக்கு பொய்யாகும், எங்கோ இருக்கிற ஒருவனுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால்? அமானிதத்தை ஆற்றோடு விட்டுவிட்டு உங்களுடையதைத் தூக்கினீர்கள் என்றாகிவிடும். அதுதான் எனக்குப் பெரிய பயம். ரப்பே, அதை மட்டும் காட்டிவிடாதே என்று சொல்லிக்கொண்டே சுரண்டினேன்.

முதலில் வெள்ளச் சகதி உதிர்ந்தது. பிறகு உங்கள் பச்சை. அதற்கும் கீழே நீலம். நீலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள், கம்பி உரசிய தடத்தோடு.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என்னை முன் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன சைக்கிளை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வயதில், இடுப்பளவுத் தண்ணீரில், வராத ஒருவனின் சைக்கிளையா மச்சுக்கு ஏற்றினீர்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

காக்காவிடம் சொன்னேன். "தன்னோடதையா விட்டாக?" என்றார். அப்புறம், "அண்ணாச்சிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

பயம் முழுதாகத் தீரவில்லை. அண்ணாச்சி தனக்குத் தெரிந்த வெளிநாட்டு ஆட்களிடம் விசாரிக்கிறேன் என்கிறார். மார்க்கோ உயிரோடு இருப்பானா? வந்தாலும், என் சைக்கிளை ஏன் இப்படி நெருக்கிப் பச்சையடித்தீர்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள் வாப்பா. அது அவன் கைக்கோ அவன் பிள்ளைகள் கைக்கோ போகும்வரை இந்த வீட்டுப் படியைத் தாண்டாது. மறுபடியும் ஆறு உள்ளே வந்தால், எனக்கென்று இருப்பதெல்லாம் கீழே கிடக்கட்டும், முதலில் அதைத்தான் மச்சுக்கு ஏற்றுவேன்.

இனி அந்த அமானிதத்துக்குக் காவலிருக்கும்
உங்கள் மகள்,
ஜமீலா