‘அரிது’ என்று நான் எழுதிய கட்டம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு யாவரும் நலம் என்று தொடங்கி, அடித்துவிட்டேன். பழக்கதோஷம்.

தங்கச்சி, கண்கட்டோடு இருப்பவருக்கு நீதான் இதை வாசித்துக் காட்ட வேண்டும். கெட்ட செய்தி வந்தால் இரண்டு வரி தாண்டிப் படிப்பது உன் வழக்கம். இந்த முறை தாண்டாதே.

தொழிற்சாலையில் இப்போது பாதுகாப்பு பொங்கி வழிகிறது. லேசர் வெட்டும் இயந்திரத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கென்று மேலாளர் பீரோவில் பூட்டி வைத்திருந்த கண்ணைக் காக்கும் அந்த ஒரே பச்சைக் கண்ணாடியும் ஷெட்டுக்கு வந்துவிட்டது. யாரும் தொடக் கூடாதாம். விசாரணை அதிகாரி பார்க்க வேண்டுமாம்.

விசாரணை புதன்கிழமை. நீங்கள் கண்ணாடி போடாததுதான் காரணம் என்று நிர்வாகம் எழுதி வைத்திருக்கிறது. பீரோவில் இருந்த கண்ணாடியை ஷெட்டில் இருந்தவர் எப்படிப் போடுவார் என்று கேட்டேன். உங்க தங்கச்சி வீட்டுக்காரர்ங்கிறதால உணர்ச்சிவசப்படுறீங்க சார் என்றார் மேலாளர்.

இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் லேசர் கதிரை நிறுத்துகிற சுவிட்சுக்கு ஷெட்டில் மாமியார் என்று பெயர். கதவு திறந்தாலும் இயந்திரம் ஓடும்படி அதை ஏமாற்ற ஒட்டிவைத்த காந்தத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் நீங்கள். எல்லோரும் சிரித்தோம். ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தோடு வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி நானும் சிரித்தேன்.

அன்று ‘விளைவு’ என்ற கட்டத்தில் பார்வை இழப்பு என்று எழுதி ஐந்து போட்டேன். ‘வாய்ப்பு’ என்ற கட்டத்தில், கதவு திறந்திருக்கையில் கதிர் வருவது அரிது என்று எழுதி ஒன்று போட்டேன். காந்தம் என் மூக்குக்கு நேரே இருந்தது. நான்கு போட்டிருந்தால் இரண்டையும் பெருக்கி இருபது, சிவப்பு, இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். சும்மா கையெழுத்தப் போடுங்க மச்சான், நிறுத்தினா திரும்பக் கிளப்புறதுக்குள்ள உசுரு போயிடும் என்றீர்கள். நீங்கள் சொன்னதற்காகப் போடவில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அதிலிருந்து மூன்றாம் வாரம், சிக்கிய தகட்டை எடுக்கக் கதவைத் திறந்தீர்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் தகட்டில் பட்டுத் தெறித்தது. மாமியார் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை இதை அப்படியே சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை எனக்கு அங்கே நாற்காலி இருக்காது. அது போகட்டும். இதைக் கேட்ட பிறகும் நீங்கள் என்னை மச்சான் என்று கூப்பிடுவீர்களா என்பதற்குத்தான் என்னிடம் படிவம் இல்லை.

இடது கண் போனது போனதுதான் என்று தங்கச்சி எழுதியிருந்தாள். வலது கண்ணில் எழுத்துப் படிக்கிற அளவு பார்வை திரும்புவது அரிது என்றாராம் டாக்டர். அந்தச் சொல்லை எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. நான் அரிது என்று எழுதியது நடந்தது. அவர் அரிது என்று சொன்னதும் நடக்கட்டும். கட்டு அவிழ்க்கிற அன்று இந்தக் கடிதத்தைத் தங்கச்சி கையிலிருந்து வாங்கி, நீங்களே ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டவன்