டி டிரைவில் எல்லாம் பத்திரம்

11 பிப்ரவரி 2014, செவ்வாய்

பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது. மூன்றாம் முறை வந்தபோது கணினி மட்டும் வரவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லையாம், சிஸ்டத்தின் வட்டைப் போட்டுப் பழுது பார்க்க வேண்டுமாம். வட்டுக்கு நான் எங்கே போவேன்? என் புருஷன் வில்ஃப்ரெதோவின் தங்கை கடல்தாண்டித் தாம்பாவிலிருந்து பெட்டித் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த மடிக்கணினி இது. அட்டைப்பெட்டியே வரவில்லை, வட்டு எங்கே வரும்.

வில்ஃப்ரெதோ எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் எழுதிக் காட்டினார்: "அதுக்கும் பேச்சு போச்சா?"

நான் சிரிக்கவில்லை.

12 பிப்ரவரி

தூக்கமில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் பயாமோ பஸ் நிலையத்தின் குரல் அவர்தான். "ஹவானா வண்டி, காத்திருப்போர் பட்டியல், இருநூற்றுப் பன்னிரண்டு வரை..." இந்த ஊரில் அந்தக் குரலுக்காகக் காது தீட்டிக்கொண்டு பெட்டிமேல் உட்காராதவர் யார்? போன அக்டோபரில் சந்தியாகோ ஆஸ்பத்திரியில் தொண்டையைத் திறந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஓட்டை, கையில் நோட்டு.

அறுவைக்கு முன்னால் ஒன்பது நாள் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினியிடம் பேசினார். இருபத்து மூன்று பதிவு. எல்லாம் முகப்புத் திரையில் "நெரெய்தாவுக்கு" என்ற ஒரே ஃபோல்டருக்குள். எனக்குத்தான்.

நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நல்ல நாளாகப் பார்த்துக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு மாதத்தில் ஒரு நல்ல நாள்கூட வரவில்லையா எனக்கு? பயம். வேறொன்றுமில்லை.

ஏன் வேறு எதிலும் பிரதி எடுக்கவில்லை? இங்கே பென் டிரைவ் என்பது ஊர்ப் பொதுச்சொத்து. அண்டைவீட்டு மிக்தாலியா மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் அந்தப் பெண் கேக்கின்மேல் விழுந்த வீடியோ, ஒரே வாரத்தில் எங்கள் தெரு முழுக்க ஓடியது. என் புருஷன் பேச்சு அப்படிச் சந்தி சிரிக்க வேண்டாம் என்று பூட்டிவைத்தேன். மகா புத்திசாலி.

14 பிப்ரவரி

யோஸ்பெல் வந்தான். வாராவாரம் வன்தட்டில் நாடகம், படம், பாட்டு எல்லாம் அடைத்து வீடுவீடாகக் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போகிறவன். நாங்கள் அதைப் பொட்டலம் என்போம். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எல்லாம் தெரிந்தவன்.

கணினி கிளம்பும்போதே எஃப் எட்டை அழுத்தினான். பாதுகாப்பு முறை என்றான், கடைசியாக நன்றாக ஓடிய நிலை என்றான். ஒவ்வொன்றும் பாதிவரை போய் அதே கறுப்பில் வந்து நின்றது. அப்புறம் முகம் மலர்ந்து, வட்டே தேவையில்லை, இந்த மாடலில் மறைவாக ஒரு பகுதி இருக்கும், பழுது பார்க்கும் சாமான் எல்லாம் அதற்குள்தான், நம் கோப்பு எதையும் தொடாமலே சரிசெய்துகொள்ளும் என்றான். எஃப் பதினொன்றை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம்.

"அந்தப் பகுதியை எவன் எடுத்தான்?" என்று கேட்டவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். என்னைப் பார்த்தான்.

போன ஆகஸ்ட். கொலம்பிய நாடகம் நாற்பது அத்தியாயம் ஒன்றாக வந்திருந்தது, கணினியில் இடமில்லை. யாரும் தொடாத மறைவுப் பகுதி ஒன்று சும்மா கிடக்கிறது, அதை அழித்து டி என்று தனி டிரைவ் ஆக்கினால் நாற்பதும் பிடிக்கும் என்றான் யோஸ்பெல். கையில் காப்பியோடு நான்தான் சொன்னேன், சும்மா கிடக்கிறதை எடுத்துடு என்று.

வில்ஃப்ரெதோ நோட்டை நடுவில் நீட்டினார்: "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அந்த வாரம் அவர் பரிசோதனைக்காகச் சந்தியாகோவில் படுத்திருந்தார். யோஸ்பெலுக்கும் அது தெரியும். 

19 பிப்ரவரி

உலிசெஸ் வீட்டு வாசல். மின்ஸ்க்கில் பொறியியல் படித்துவிட்டு வந்தவர், இப்போது ஊர்க் கணினிகளுக்கெல்லாம் வைத்தியர். "வரிசையில கடைசி யாரு?" என்று கேட்டேன், ஒரு தொப்பிக்காரர் கை தூக்கினார். எனக்கு முன்னால் பதினொரு பேர். அவரவர் மடியில் செத்த பெட்டி.

என் முறை வந்தது. வட்டு இல்லையென்றால் என்ன, சிஸ்டத்தைப் பென் டிரைவிலிருந்தே ஏற்றலாம் என்றார். என் சாமான் ஒன்றும் போகக் கூடாது என்றேன்.

"கவலையே படாதீங்க, டீச்சர். டியில இருக்கற எதையும் நான் தொட மாட்டேன்."

தலையாட்டினேன். ஊமையாகிவிட்ட என் புருஷனின் குரல் முகப்புத் திரையில் இருக்கிறது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பின்னால் வரிசை நின்றது. தொப்பிக்காரர்கூடப் போகாமல் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். வெட்கம்.

21 பிப்ரவரி

உலிசெஸ் ஆள் அனுப்பினார். ஓடுகிறதாம்!

22 பிப்ரவரி

ஓடுகிறது. புதுப் பெண்டாட்டி மாதிரி பளபளவென்று. முகப்பில் நீல வானம், ஒரு குப்பைத்தொட்டி. வேறு ஒன்றுமில்லை.

சி-யைச் சுத்தமாக அழித்துத்தான் புதுசு ஏற்ற முடிந்தது என்றார் உலிசெஸ். யாரும் முக்கியமானதை சி-யில் வைப்பதில்லையே என்றார். முகப்புத் திரை சி-யைச் சேர்ந்ததாம். எனக்கு அது தெரியாது. இருபத்தெட்டு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன், எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று சொல்வேன், இது தெரியாது.

டியைத் திறந்து பெருமையாகக் காட்டினார். "பாருங்க, எல்லாம் பத்திரம்." நாற்பது அத்தியாயம்.

அந்த ஆளைத் திட்டவும் முடியவில்லை. என்னத்தைச் சொல்லித் திட்டுறது? நான்தானே வாயைத் திறக்கல. அய்யோ, நான்தானே. வீட்டுக்கு வந்து நாடகம் மொத்தத்தையும் அழித்தேன். நாற்பதையும். தொட்டிக்குப் போனதைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

26 பிப்ரவரி

அழிந்ததைத் தோண்டி எடுக்கிற ஒரு புரோகிராமை உலிசெஸ் ஓட்டிப் பார்த்தார். பெயர்கள் வந்தன, இருபத்து மூன்றும். திறந்தால் சரளைக் கல்லைக் கொட்டுகிற சத்தம். புது சிஸ்டம் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டது என்றார். பாவம், அவருக்கே கண் கலங்கியது.

1 மார்ச்

இன்றைக்கு அவரிடம் கேட்டேவிட்டேன், அதில் என்ன சொல்லியிருந்தீர்கள் என்று. பென்சிலை எடுத்துச் சீவினார். பிறகு எழுதினார்: "எழுத முடிஞ்சா எழுதியே குடுத்திருப்பேனே."

4 மார்ச், செவ்வாய்

யோஸ்பெலைக் கதவோரம் நிறுத்திக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. என் கணினியிலேருந்து எதையாவது எடுத்தியா? எனக்குத் தெரியாம?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "டீச்சர், நீங்க அஞ்சாங்கிளாஸ்ல எனக்குப் பாடம் எடுத்தவங்க. நாடக ஃபோல்டரத் தவிர ஒரு துரும்பு தொட்டதில்ல. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

அவன் நல்லவனாக இருந்தது எனக்கு ஆத்திரமாக வந்தது. திருடியிருக்கக் கூடாதா, படுபாவி.

9 மார்ச்

மிக்தாலியா வீடு, மருந்துக்கடைக்காரி வீடு, மூலைவீடு. எப்போதாவது என் பென் டிரைவை வாங்கினவர்கள் எல்லார் வீட்டிலும், அவர் பேச்சு தவறிப்போய் அதில் வந்ததா என்று கேட்டாயிற்று. இல்லை.

17 மார்ச்

இல்லை.

30 மார்ச்

இன்றைக்கு அவர் தும்மினார். சத்தமே இல்லை, கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. முன்பெல்லாம் அவர் தும்மினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். அவர் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பஸ் நிலையத்துக் குரல் வருகிறது. வீட்டுக் குரல் வரவில்லை.

8 ஏப்ரல், செவ்வாய்

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

யோஸ்பெல் மூச்சிரைக்க வந்தான். குதிரைவண்டி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒதிலியா என்று ஒரு அம்மாள் இருக்கிறாளாம், அவனிடம் பொட்டலம் வாங்குகிறவள். இப்போதுதான் கொலம்பிய நாடகத்தைப் பார்க்கிறாள். முப்பத்தொன்றாம் அத்தியாயத்துக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் படமில்லாமல் சத்தம் மட்டும் ஒன்று இருந்ததாம். காத்திருப்போர் பட்டியல் ஆள் பேசுகிறார், அவர் எப்போது நாடகத்தில் சேர்ந்தார் என்று கேட்டாளாம். அந்தக் குரலைத் தெரியாதவர் இந்த ஊரில் யார்?

நவம்பரில் யோஸ்பெலின் வன்தட்டு கெட்டுப்போய், என் டியிலிருந்து நாடக ஃபோல்டரை அப்படியே பிரதி எடுத்துப் போயிருக்கிறான். அறுவைக்கு முன் வில்ஃப்ரெதோ பேசத் தொடங்கிய முதல் நாளில் பதிவுசெய்து பார்த்த ஒன்று தவறிப்போய் அதற்குள் விழுந்திருக்கிறது. இருபத்து மூன்றில் சேராதது.

ஆக, உலிசெஸ் சொன்னது சரிதான். டியில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. அதையும் என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். பத்தொன்பது விநாடி. நாற்காலி இழுபடுகிறது. செருமல். "ஒண்ணு, ரெண்டு, மூணு... நெரெய்தா, முதல்ல உன்கிட்ட என்ன சொல்லணும்னா..." கதவு திறக்கிறது. என் குரல், தகரத்தில் தட்டின மாதிரி: "அந்தப் பெட்டிகிட்ட என்ன பேச்சு? பீன்ஸ் ஆறுது, வாய்யா!"

"வரேன்."

அவ்வளவுதான்.

யோஸ்பெல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். நான் வில்ஃப்ரெதோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நோட்டைத் தேடி எழுதினார்: "அன்னிக்கு பீன்ஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு."

15 ஏப்ரல், செவ்வாய்

யோஸ்பெல் அதைத் தனி பென் டிரைவில் போட்டுக்கொடுத்து, பூட்டி வையுங்கள் டீச்சர், இனி யாருக்கும் தர மாட்டேன் என்றான்.

"இல்ல. பொட்டலத்துல போடு. எல்லார் வீட்டுக்கும் போகட்டும்."

"எல்லாருக்குமா? சிரிப்பாங்களே, டீச்சர்."

சிரிக்கட்டும் என்றேன்.

18 மே

சிரிக்கிறார்கள். ரொட்டி வரிசையில் யாரோ பின்னாலிருந்து "டீச்சர், பீன்ஸ் ஆறுது!" என்றார்கள். மருந்துக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வில்ஃப்ரெதோ திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தி உதட்டை அசைத்தார். கழுத்துத் துணிக்குள் காற்று மட்டும் வந்தது. என்ன சொன்னார் என்று வரிசையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மற்ற இருபத்து மூன்றும் போனது போனதுதான். வியாழக்கிழமை மறுபடி சந்தியாகோ. கழுத்தில் புதிதாக ஒரு கட்டி இருக்கிறது. ஊறப் போட்ட பீன்ஸை இப்போது அடுப்பில் ஏற்ற வேண்டும்.