வெடிக்காத வெடி

செவ்வாய்க்கிழமை, இரவு

படுக்கையில் கிடக்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்க ஓசூரிலிருந்து அவர் தங்கை வந்திருந்தாள். ஒரு மணி நேரம்தான் இருந்தாள். அவள் ஊட்டினால் இட்லி மளமளவென்று உள்ளே போகிறது. வாயெல்லாம் சிரிப்பு வேறு. என்னிடம் அந்தச் சிரிப்பைக் காட்டி எத்தனை மாதம் ஆகிறது!

"அண்ணன் ரொம்ப இளைச்சுட்டாரே அண்ணி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

கல்குவாரியில் சங்கு ஊதியதும் வழக்கம்போல் கொல்லைக்கு ஓடினேன். மூன்றாவது சங்குக்கு வெடி வைப்பார்கள். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து கத்தினால் யாருக்கும் கேட்காது, மனசும் லேசாகிவிடும். இன்று நான் கத்தினேன், வெடிதான் வெடிக்கவில்லை.

"நீயே வந்து பாத்துக்கோடி!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

கூசிக்கொண்டே உள்ளே வந்தேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கைக்குக் கிடைத்தது இதில் பாதிகூட இல்லை.